புத்தகக் கடை அட்டை: ஆவடி வாசகருக்கு என்ன லாபம்?

“மொபைல் நம்பர் சொல்லுங்க சார்.” பில் போடும் மேசையில் இந்தக் கேள்வி இப்போது மளிகை, மருந்து, ஜவுளி என்று எல்லாக் கடைகளிலும் கேட்கிறது. பெரிய புத்தகக் கடைகளிலும் கேட்கிறது. எண்ணைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: “மெம்பர்ஷிப் போட்டுக்கிறீங்களா? பாயிண்ட்ஸ் ஏறும், அடுத்த தடவை கழிச்சுக்கலாம்.” சில இடங்களில் இது இலவசம், சில இடங்களில் ஆண்டுக் கட்டணம் உண்டு. பின்னால் வரிசை நிற்கும்போது யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. பெரும்பாலோர் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ குடியிருந்துகொண்டு, மாதம் இரண்டு மூன்று புத்தகம் வாங்கும் ஒருவர் இந்த அட்டையில் சேர்வதால் பயன் உண்டா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டணம் வாங்கும் புள்ளி அட்டை நம் பகுதி வாசகருக்குப் பெரும்பாலும் வேண்டாம். இலவச அட்டை, எப்படியும் போகிற கடையாக இருந்தால் சரி. ஆனால் பணம் கட்டிச் சேரத்தக்க வேறு வகை உறுப்பினர் திட்டங்கள் இருக்கின்றன. தமிழ்ப் பதிப்புலகில் அவற்றுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவற்றைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும்.

தமிழ்ப் புத்தகம் வாங்குகிறவர்களுக்குப் 10 சதவீதக் கழிவு என்பது பழகிப்போன ஒன்று. தென்னிந்திய புத்தக விற்பனையாளர்கள் மற்றும் பதிப்பாளர்கள் சங்கமான பபாசி 1977-ல் தொடங்கிய சென்னை புத்தகக் காட்சியில், உள்ளே வரும் எவருக்கும் அந்தக் கழிவு கிடைக்கிறது. அட்டை வேண்டாம், எண் வேண்டாம், பெயர்கூட வேண்டாம். மாவட்டப் புத்தகத் திருவிழாக்களிலும் அப்படித்தான். தமிழ்ப் புத்தகங்களையே முதன்மையாக விற்கும் பல கடைகளில் ஆண்டு முழுவதும் கேட்டால் கிடைக்கும், சில இடங்களில் கேட்காமலே பில்லில் கழிந்திருக்கும். ஆகவே, ஓர் அட்டை “உறுப்பினருக்கு 10 சதவீதம்” என்று சொன்னால், அது நமக்குப் புதிதாக எதையும் தரவில்லை. எல்லோருக்கும் இருந்த வழக்கத்தை ஒரு பதிவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 600 ரூபாய்க்குப் புத்தகம் வாங்கும் குடும்பம் ஆண்டுக்கு 7,200 ரூபாய் செலவழிக்கிறது. நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் மதிப்புள்ள புள்ளி என்று வைத்துக்கொண்டால், ஆண்டு முடிவில் சேர்வது 144 ரூபாய். அதுவும் எல்லாப் புத்தகத்தையும் அதே கடையில் வாங்கினால். நடைமுறையில் ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் பாதியை வாங்கிவிடுவோம், பிறந்தநாளுக்கு யாராவது ஒன்று தருவார்கள், அவசரத்துக்கு ஆன்லைனில் ஒன்று வரும். அட்டைக் கடையில் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு என்றால், புள்ளியின் மதிப்பு ஐம்பது ரூபாயைத் தாண்டாது. அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 200 ரூபாய் என்றால் நட்டம் எவ்வளவு என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கட்டண அட்டையை எடைபோட எளிய வழி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மிகப் பெரிய புத்தகக் கடைத் தொடரான பார்ன்ஸ் அண்ட் நோபிள், நெடுங்காலம் ஆண்டுக்கு 25 டாலர் வாங்கிக்கொண்டு உறுப்பினர்களுக்குக் கழிவு கொடுத்துவந்தது. 2023-ல் கட்டணத்தை ஏறக்குறைய 40 டாலராக உயர்த்தியது. கழிவு 10 சதவீதம். அப்படியானால் ஆண்டுக்கு 400 டாலருக்கு வாங்கினால்தான் கட்டிய பணமே திரும்பும், அதற்குமேல் வாங்குவதில்தான் லாபம். அதே ஆண்டு அவர்கள் இலவசத் திட்டம் ஒன்றையும் சேர்த்தார்கள்: பத்து டாலருக்கு ஒரு முத்திரை, பத்து முத்திரை சேர்ந்தால் ஐந்து டாலர். நூறு டாலருக்கு ஐந்து. நம் ஊர் அட்டைக்கும் இந்தக் கணக்கே போதும். கட்டணத்தைக் கழிவின் சதவீதத்தால் வகுத்து நூறால் பெருக்கினால், எவ்வளவு வாங்கினால் கட்டுப்படியாகும் என்பது தெரிந்துவிடும். 300 ரூபாய் கட்டணம், 5 சதவீதக் கழிவு என்றால் 6,000 ரூபாய்.

கழிவின் அளவைவிட அட்டையின் பின்பக்கத்து நிபந்தனைகள் முக்கியமானவை. புள்ளிகள் எத்தனை மாதத்தில் காலாவதியாகும்? குறைந்தபட்சம் எத்தனை சேர்ந்தால் பயன்படுத்தலாம்? ஏற்கெனவே கழிவில் இருக்கும் புத்தகத்துக்குப் புள்ளி உண்டா? பாடப் புத்தகம், பரிசு அட்டை ஆகியவை விலக்கா? ஒரு பில்லில் முழுத் தொகையையும் புள்ளியில் கழிக்கலாமா, ஒரு பகுதியைத்தானா? இவை பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இணையதளத்துக்குப் போய்ப் பார்க்கச் சொல்லும். சேர்த்தவர்களில் ஒரு பகுதியினர் புள்ளியைப் பயன்படுத்தவே மாட்டார்கள் என்பது இந்தத் திட்டங்களின் கணக்கிலேயே இருக்கிறது. எல்லோரும் கடைசிப் புள்ளிவரை வாங்கிக்கொண்டால் இவ்வளவு தாராளமாக யாரும் அறிவிக்க மாட்டார்கள். ஆண்டுக்கு நான்கு முறை மட்டும் நகரத்துக்குள் போய்ப் புத்தகம் வாங்கும் புறநகர்வாசியின் புள்ளிகள்தான் முதலில் காலாவதியாகும்.

ரயிலுக்கு அந்தப் பக்கம் கடைகள்

தூரம்தான் மேற்குப் புறநகரின் பெரிய சிக்கல். தமிழ் வாசகர்கள் தேடிப்போகும் கடைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். கே.கே. நகரில் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூரில் பனுவல், தியாகராய நகரில் நியூ புக்லேண்ட்ஸ், தேனாம்பேட்டையில் பாரதி புத்தகாலயம், அண்ணா சாலையில் 1844-லிருந்து இருக்கும் ஹிக்கின்பாதம்ஸ். எல்லாம் நகரத்தின் நடுவிலும் தெற்கிலும். ஆவடியிலிருந்து திருவான்மியூருக்குப் போய்த் திரும்ப ஒரு ஞாயிற்றுக்கிழமையே தேவைப்படும். பூந்தமல்லியிலிருந்து கே.கே. நகர் பரவாயில்லை என்றாலும், போரூர் நெரிசலைத் தாண்ட வேண்டும்.

நம் பகுதியில் புத்தகம் விற்கும் கடைகள் இல்லை என்று சொல்ல முடியாது. அம்பத்தூர் ஓ.டி., ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி டிரங்க் ரோடு என எங்கும் ஸ்டேஷனரி கடைகள் இருக்கின்றன. ஜூன் மாதம் நோட்டும் கைடும் வாங்கக் கூட்டம் முண்டும். அந்தக் கடைகளின் உள்பக்கத்தில் ஓர் அலமாரி இருக்கும்: பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்கள், திருக்குறள் உரை, சமையல், ஜோதிடம், டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டி, குழந்தைகளுக்கு வண்ணம் தீட்டும் புத்தகம். புதிதாக வந்த ஒரு நாவலையோ கட்டுரைத் தொகுப்பையோ கேட்டால் “எழுதிக் கொடுங்க, வரவழைக்கிறோம்” என்பார்கள். சிலர் சொன்னபடி வரவழைத்தும் தருவார்கள். அவர்களிடம் அட்டை எதுவும் இல்லை. ஆனால் யார் எதைக் கேட்டார் என்பது அவர்கள் நினைவில் இருக்கும். இந்தச் சேவையை நாம் மதிப்பதே இல்லை.

ஆவடி, திருவள்ளூர் லோக்கல்கள் போய் நிற்கும் முனையத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்றுதான் பெயர். பழைய புத்தகங்களுக்குப் பேர்போன அந்தச் சந்தை 1985-ல் தீக்கிரையானது. அந்த இடத்தில்தான் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. கடைக்காரர்கள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்கு இடம் மாறினார்கள். பட்டரவாக்கம் தொழிற்சாலைகளிலும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த ஒரு தலைமுறைக்கு, சென்ட்ரலில் இறங்கினால் புத்தகம் காலடியிலேயே இருந்தது. பழைய புத்தகக் கடைகளில் வாடிக்கையாளர் திட்டம் என்று பெயர் வைக்காமலே ஒரு திட்டம் நடந்தது, இப்போதும் சில இடங்களில் நடக்கிறது. படித்து முடித்துத் திருப்பிக் கொண்டுவந்தால், கொடுத்த விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு வேறு புத்தகம் எடுத்துப் போகலாம். எந்தப் புள்ளி அட்டையும் இதற்கு ஈடாகக் கொடுத்ததில்லை.

எண்ணைக் கொடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பொருள் வாங்குகிறவரிடம் கைபேசி எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. கொடுக்க விருப்பமில்லை என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது, அதற்காகப் பில் போட மறுக்க முடியாது. புத்தகக் கடையில் நம் பெயருக்கு எதிரே பதிவாவது சோப்பும் பற்பசையும் அல்ல. எந்த அரசியல் நூலை வாங்கினோம், எந்த நோயைப் பற்றிப் படிக்கிறோம், எந்த மதத்தைப் பற்றித் தேடுகிறோம், மகளுக்கு எந்தத் தேர்வுக்கு வழிகாட்டி வாங்கினோம் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும்.

அந்தப் பட்டியல் எங்கே போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. பார்டர்ஸ் என்ற பெரும் கடைத் தொடர் 2011-ல் திவாலாகி மூடப்பட்டது. அதன் பெயரோடும் வணிகச் சின்னங்களோடும் சேர்த்து, ஏறக்குறைய 4.8 கோடி வாடிக்கையாளர்களின் பட்டியலையும் போட்டி நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிள் 1.39 கோடி டாலருக்கு வாங்கியது. அரசின் வணிக ஆணையம் தலையிட்ட பிறகுதான், விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுக்கப்பட்டது. பார்டர்ஸின் பரிசு அட்டைகளில் செலவழிக்கப்படாமல் சுமார் 21 கோடி டாலர் கிடந்தது. அதைக் கேட்டு வழக்குப் போட்டவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சென்னையிலும் பெரிய கடைகள் வந்து போயிருக்கின்றன. 1987-ல் நுங்கம்பாக்கம் ஏபெக்ஸ் பிளாசாவில் தொடங்கி ஒரு தலைமுறைக்கே ஆங்கிலப் புத்தகத்தை அறிமுகப்படுத்திய லேண்ட்மார்க் கடை இன்று அங்கே இல்லை. கடை இருக்கும்வரைதான் புள்ளிக்கு மதிப்பு. ஆகவே புள்ளியைச் சேர்த்துவைக்காதீர்கள், குறைந்தபட்ச அளவு வந்ததும் கழித்துவிடுங்கள்.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பதிப்பகத்திடமிருந்து சில்லறைக் கடைக்குப் பொதுவாகக் கிடைப்பது முப்பது, முப்பத்தைந்து சதவீதக் கழிவு. அதில் பத்தை வாசகருக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதில் வாடகை, மின்சாரம், சம்பளம், விற்காமல் தேங்கும் புத்தகத்தின் முதல் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். நோட்டு, பேனா, விளையாட்டுப் பொருள் என்று கடைகள் விரிவது அதனால்தான். மெல்லிய லாபத்தில் ஓடும் தொழிலில் வாடிக்கையாளர் திரும்ப வருவார் என்ற உறுதி மதிப்புமிக்கது. அதைப் பெற ஒரு கடை அட்டை போட்டால் குற்றம் இல்லை. பக்கத்திலேயே நல்ல கடை இருந்து, குழந்தைகளுக்கும் சேர்த்து அங்கேயே வாங்கும் குடும்பம் இலவச அட்டையில் தாராளமாகச் சேரலாம்.

பிரான்சில் 1981-ல் கொண்டுவந்த சட்டப்படி, பதிப்பாளர் குறித்த விலையில் 5 சதவீதத்துக்கு மேல் எந்தக் கடையும் புதிய புத்தகத்துக்குக் கழிவு தரக் கூடாது. பெரிய கடைக்கும் சிறிய கடைக்கும் ஒரே விலை. அதனால் அங்கே தெருமுனைப் புத்தகக் கடை, விலையில் தோற்காமல், தேர்விலும் சேவையிலும் போட்டி போட முடிகிறது. ஆவடி வாசகனாக எனக்கு வேண்டியது 12 சதவீதக் கழிவு தரும் தொலைதூரக் கடை அல்ல, 5 சதவீதம் தந்தாலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கடை.

கையொப்பம் போட்டவர்கள்

பணம் கட்டிச் சேரத்தக்க உறுப்பினர் திட்டங்கள் என்று மேலே சொன்னேன். 1887-ல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அச்சுக்கூலிக்கும் காகிதத்துக்கும் கையில் பணம் இல்லை. ‘புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறோம்’ என்று ஒப்புக்கொண்டவர்களிடம் கையொப்பம் சேர்த்தார். அந்த உறுதியை நம்பி வேலை நடந்தது. சேலம் இராமசாமி முதலியார் போன்றவர்கள் ஊக்கமும் உதவியும் தந்தார்கள். கையொப்பமிட்டவர்களுக்குக் கிடைத்தது கழிவு மட்டுமல்ல. அவர்கள் இல்லாவிட்டால் வந்திருக்காத ஒரு நூல்.

1960-களின் நடுவில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ‘வாசகர் வட்டம்’ இதே வழியை நவீன இலக்கியத்துக்குக் கொண்டுவந்தது. விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தியின் மகள் அவர். உறுப்பினர்கள் முன்கூட்டிப் பணம் கட்டினார்கள், நல்ல தாளில், நல்ல கட்டமைப்பில் புத்தகங்கள் வீடு தேடி வந்தன. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’, சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’, சிட்டியும் ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ எல்லாம் அந்த வட்டத்தின் வெளியீடுகள். திட்டம் நெடுநாள் நிற்கவில்லை. ஆனால் அது வெளியிட்ட நூல்கள் இன்றும் மறுபதிப்புக் காண்கின்றன. உறுப்பினர் கட்டணத்துக்கு இதைவிட நல்ல பலனை நான் அறியேன்.

இன்று அதன் வாரிசு ‘முன்வெளியீட்டுத் திட்டம்’. பெரிய நூல் ஒன்று வரப்போகிறது என்றால், பதிப்பகம் சில மாதங்களுக்கு முன்பே அறிவிக்கும். விலை ஆயிரம் என்றால் இந்தத் தேதிக்குள் கட்டுவோருக்கு எழுநூறு என்பதுபோல. 10 சதவீதத்துக்கு மேல் கழிவு கிடைப்பதோடு, பெரும்பாலும் தபால் செலவும் அதில் அடங்கிவிடும். ஆயிரம் படி அச்சடித்த காலம் போய் முந்நூறு, ஐந்நூறு படி என்று தமிழ் இலக்கிய நூல்கள் சுருங்கியிருக்கும் நிலையில், அந்த முன்பணம்தான் எத்தனை படி போடலாம் என்பதைப் பதிப்பாளருக்குச் சொல்கிறது. ஆவடியில் இருந்தால் என்ன, அந்தியூரில் இருந்தால் என்ன, இதில் எல்லா வாசகரும் சமம். ஆபத்தும் உண்டு. நூல் தாமதமாகலாம், அறிவிப்போடு நின்றும் போகலாம். ஆகவே இதுவரை சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பதிப்பகமா என்று பார்த்துக் கட்ட வேண்டும். எனக்கும் ஒருமுறை பணம் கட்டி நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. அப்படியும் இந்த முறையின்மேல் எனக்கு நம்பிக்கை குறையவில்லை.

அம்பத்தூருக்கு இந்தக் கதையில் ஒரு சொந்த இடம் உண்டு. 1951-ல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் தலைமையகம் அம்பத்தூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. லேத்துப் பட்டறைகளுக்கும் பாக்டரி ஷெட்டுகளுக்கும் நடுவே தமிழின் பெரிய பதிப்பகங்களில் ஒன்று இயங்குவதை, தினமும் அந்த வழியாக ஷிப்டுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழில் அச்சிட்ட நூல்கள் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது இந்த நிறுவனத்தின் வழியாகத்தான். கெட்டி அட்டை, வண்ணப் படம், சில ரூபாய் விலை. ரா. கிருஷ்ணையாவும் பூ. சோமசுந்தரமும் நா. தர்மராஜனும் மொழிபெயர்த்த ரஷ்ய எழுத்தைத் தொழிலாளர் குடும்பங்கள் படித்தது, யாரும் புள்ளி கொடுத்ததால் அல்ல. விலை கையைக் கடிக்கவில்லை, புத்தகம் இருக்கும் இடத்துக்கே வந்தது. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்ததோடு அந்த வரத்து நின்றது. பதிப்பகம் நிற்கவில்லை. ‘உங்கள் நூலகம்’ என்ற மாத இதழையும் அது நடத்துகிறது. மேற்குப் புறநகர்வாசி ஒருவர் ஏதேனும் ஒரு பதிப்பகத்தோடு நேரடி உறவு வைத்துக்கொள்ள விரும்பினால், பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இதோ ஒன்று.

தபால் செலவு நமக்குப் புள்ளியைவிடப் பெரிய விஷயம். 200 ரூபாய் புத்தகத்துக்குக் கூரியர் 60 ரூபாய் என்றால், 10 சதவீதக் கழிவு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். புத்தகங்களுக்கென்று குறைந்த கட்டணத்தில் இருந்த பதிவுப் புத்தக அஞ்சலை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது சிறு பதிப்பாளர்கள் பதறியது இதனால்தான். 2025 மே முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற பெயரில் வேறொரு சேவை வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. புத்தகத்தை ஒவ்வொன்றாக வரவழைக்காமல், தெருவிலோ அலுவலகத்திலோ நான்கு பேர் சேர்ந்து ஒரே கட்டாக வரவழைத்தால் ஆளுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆண்டுச் சந்தா கேட்கும் எந்தப் புத்தகத் தளத்திடமும் முதலில் கேட்க வேண்டியது தபால் இலவசமா என்பதுதான். இலவசம் என்றால் புறநகர் வாசகருக்கு அது உண்மையான சலுகை.

இன்னொரு உறுப்பினர் கட்டணத்தை நாம் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறோம். 1948-ல் அன்றைய சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் கனவு அதில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி சொத்துவரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இப்போது சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. அம்பத்தூர்க்காரர் சென்னை மாநகராட்சிக்கும், ஆவடிக்காரர் ஆவடி மாநகராட்சிக்கும், பூந்தமல்லிக்காரர் அவர்கள் நகராட்சிக்கும் கட்டுகிறார்கள். சொத்துவரி 2,000 என்றால் 200 ரூபாய் நூலகத்துக்கு. எந்தப் புத்தகக் கடை அட்டையின் கட்டணத்துக்கும் இது குறைந்ததல்ல. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகையின் வழியாக இதைச் சுமக்கிறார். கட்டிய பணத்துக்கு உரிய சேவையை எத்தனை பேர் கேட்டு வாங்குகிறோம்? கிளை நூலகத்தில் சிறு காப்புத்தொகை கட்டி உறுப்பினராகலாம். ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலராகவும் சேரலாம். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நூலகத் துறைக்குக் கொடுக்காமல் நிலுவை வைப்பது நெடுநாளைய குறை. நம் வார்டு கவுன்சிலரிடம் சாலையையும் சாக்கடையையும் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எல்லாக் கடைக்கும் ஒரே அட்டை

நம் வீடுகளில் சீட்டுக் கட்டும் பழக்கம் ஆழமானது. தீபாவளி பட்டாசுச் சீட்டு, பாத்திரச் சீட்டு, பதினோரு மாதம் கட்டும் நகைச் சீட்டு. மாதம் சிறு தொகை, ஆண்டு முடிவில் கையில் பொருள். இந்தப் பழக்கத்தைப் புத்தகத்துக்குத் திருப்ப முடியும் என்பதை ஈரோடு காட்டியிருக்கிறது. 2005-ல் தொடங்கிய ஈரோடு புத்தகத் திருவிழாவை நடத்தும் மக்கள் சிந்தனைப் பேரவை, பள்ளி மாணவர்களுக்கு உண்டியல் கொடுத்துக் காசு சேர்க்கச் சொன்னது. திருவிழா வந்ததும் பிள்ளைகள் உண்டியலோடு வந்து தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே வாங்கினார்கள். 2022 முதல் எல்லா மாவட்டங்களிலும் அரசு புத்தகத் திருவிழாக்களை நடத்துகிறது. திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஒன்று வருகிறது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள பள்ளிகள் ஜூன் மாதமே உண்டியலைத் தொடங்கினால், திருவிழாவின்போது ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் சொந்தப் பணம் இருக்கும்.

பபாசி செய்யக்கூடிய காரியம் ஒன்றும் உண்டு. பிரிட்டனில் 1932-லிருந்து ‘தேசிய புத்தக டோக்கன்’ என்று ஒன்று இருக்கிறது. ஒரு கடையில் வாங்கிய டோக்கனை நாடு முழுவதும் திட்டத்தில் சேர்ந்த எந்தப் புத்தகக் கடையிலும் கொடுத்துப் புத்தகம் வாங்கலாம். வாசகரைத் தன்னிடம் கட்டிப்போட ஒவ்வொரு கடையும் தனி அட்டை அடிப்பதைவிட, வாசகரைப் புத்தகத்தோடு பிணைக்கும் பொது அட்டை எவ்வளவோ மேல். தமிழ்ப் பதிப்பாளர்களும் விற்பனையாளர்களும் ஒரே சங்கத்தில் இருப்பதால் இது இங்கே நடக்காத காரியம் அல்ல. அம்பத்தூர் ஓ.டி. ஸ்டேஷனரி கடையும் அந்தத் திட்டத்தில் சேரட்டும். மாதம் 100 ரூபாய் அங்கே கட்டினால், ஆண்டு முடிவில் 1,200-க்கு 1,350 ரூபாய் மதிப்புள்ள புத்தகம். நந்தனத்தில் வாங்கலாம், திருவள்ளூர் திருவிழாவில் வாங்கலாம், அல்லது அதே கடையில் எழுதிக் கொடுத்து வரவழைக்கலாம். கடைக்காரருக்கு ஆண்டு முழுவதும் ஒரு சிறு முன்பணம் கையில் சுழலும், எந்தப் புத்தகத்துக்குத் தேவை இருக்கிறது என்பதும் தெரியும். உள்பக்கத்து ஒற்றை அலமாரி இரண்டாகும். பணம் கட்டியவரின் பெயரும் தொகையும் மட்டும் பதிவானால் போதும், என்ன வாங்கினார் என்பது வேண்டாம். காலாவதித் தேதி வைக்கக் கூடாது. சேர்ந்த பணத்தைச் சங்கம் தனி வங்கிக் கணக்கில் வைத்து, நடுவில் ஒரு கடை மூடினாலும் வாசகரின் தொகை அடுத்த கடையில் செல்லும் என்று எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும்.